சிறிய படகுக்கு எல்இடி விளக்கு: வெளிச்சத்தைவிடக் கோணம்தான் முக்கியம்

என்னுடையது ஐந்தரை மீட்டர் நீளமுள்ள திறந்த ஃபைபர் படகு. நடுவில் ஸ்டீயரிங் கன்சோல், பின்னால் ஒரு அவுட்போர்டு மோட்டார், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு 12 வோல்ட் பேட்டரி. அதில் மூன்று நேவிகேஷன் விளக்குகள் இருந்தன. அணியத்தின், அதாவது படகின் முன்முனையின், இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, இரண்டும் படகின் உடலிலேயே பதித்தவை. பின்பக்கம் கழற்றி மாட்டும் கம்பத்தின் உச்சியில் ஒரு வெள்ளை. மூன்றிலும் 10 வாட் இழை பல்பு. பல்பைப் பிடிக்கும் பித்தளைத் துண்டுகள் உப்புக் காற்றில் பச்சை பூத்து, விளக்கைத் தட்டினால்தான் எரியும் என்ற நிலை வந்தபோது, மூன்றையும் கழற்றிவிட்டு எல்இடிக்கு மாறுவது என்று முடிவு செய்தேன்.

எதை வாங்குவது, எங்கே வைப்பது, வைத்த பிறகு எப்படிச் சோதிப்பது என்பதைச் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். விளக்கைத் தேர்வு செய்யும் வேலையில் பாதி, அதைப் பொருத்தும் இடத்தைத் தேர்வு செய்வதுதான். விளம்பரங்கள் வெளிச்சத்தைப் பற்றியே பேசுகின்றன. ஆனால் இருட்டில் எதிரே வருபவர் நம் படகு எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துகொள்வது, எந்த நிறம் எந்தக் கோணத்தில் தெரிகிறது என்பதை வைத்துத்தான்.

விதி என்ன கேட்கிறது

கடலில் மோதலைத் தவிர்ப்பதற்கான சர்வதேச விதிகள் 1972இல் உருவாகி 1977இல் நடைமுறைக்கு வந்தன. கோல்ரெக்ஸ் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். சூரியன் மறைந்ததிலிருந்து உதிக்கும் வரையிலும், பகலிலேயே மூடுபனி, கனமழை போன்றவற்றால் பார்வை குறையும்போதும் விளக்குகள் எரிய வேண்டும்.

மோட்டாரில் ஓடும் படகுக்கு அடிப்படை ஏற்பாடு இது: இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, ஒவ்வொன்றும் நேர் முன்னாலிருந்து தொடங்கி 112.5 டிகிரி வரை தெரிய வேண்டும். அதாவது நேர் பக்கவாட்டைத் தாண்டி 22.5 டிகிரி பின்னால் வரை. முன்னோக்கிய வெள்ளைக் கம்ப விளக்கு 225 டிகிரி, பின் விளக்கு 135 டிகிரி. இரண்டையும் கூட்டினால் முழு வட்டம். படகு 12 மீட்டருக்குக் குறைவாக இருந்தால் இந்த இரண்டு வெள்ளைக்கும் பதிலாக 360 டிகிரியும் தெரியும் ஒரே ஒரு சுற்று விளக்கு போதும். 7 மீட்டருக்குக் குறைவாகவும் அதிகபட்ச வேகம் 7 நாட் (மணிக்கு 7 கடல் மைல்) என்பதைத் தாண்டாததாகவும் இருந்தால் சுற்று விளக்கு மட்டுமே வைத்துக்கொள்ளலாம். முடிந்தால் பக்க விளக்குகளும் வைக்க வேண்டும். என் படகு நீளத்தில் இந்தச் சலுகைக்குள் வந்தாலும் வேகத்தில் வராது. எனவே சிவப்பு, பச்சை, வெள்ளைச் சுற்று விளக்கு மூன்றும் எனக்குக் கட்டாயம்.

பாய்மரப் படகு வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. பாயில் மட்டும் ஓடும்போது பக்க விளக்குகளும் பின் விளக்கும்தான், முன்னோக்கிய வெள்ளை கிடையாது. 20 மீட்டருக்குக் குறைவான படகு இந்த மூன்றையும் ஒரே கூட்டில் பாய்மரத்தின் உச்சியில் வைக்கலாம். ஆனால் மோட்டாரைப் போட்ட நிமிடமே அது மோட்டார் படகு. உச்சியில் உள்ள அந்த மூன்று நிற விளக்கை அணைத்துவிட்டுக் கீழே உள்ள பக்க விளக்குகளுக்கும் வெள்ளைக்கும் மாற வேண்டும்.

எத்தனை தூரம் தெரிய வேண்டும் என்பதையும் விதியே சொல்கிறது. 12 மீட்டருக்குக் குறைவான படகில் பக்க விளக்கு 1 கடல் மைல், வெள்ளை விளக்குகள் 2 கடல் மைல். இந்தத் தூரத்தை ஒளிச்செறிவாக மாற்றும் சூத்திரம் விதிகளின் முதல் இணைப்பில் இருக்கிறது. 1 மைலுக்கு 0.9 கேண்டலா, 2 மைலுக்கு 4.3 கேண்டலா, 3 மைலுக்கு 12 கேண்டலா. ஒரு கேண்டலா என்பது ஏறக்குறைய ஒரு மெழுகுவர்த்தியின் ஒளிச்செறிவு. தெளிந்த காற்றில், இருண்ட கடலில், ஒரு மைலுக்கு அவ்வளவே போதும். அதே இணைப்பு, கண் கூசாதபடி அதிகபட்ச ஒளியையும் கட்டுக்குள் வைக்கச் சொல்கிறது. அதனால் "மிக அதிக வெளிச்சம்" என்று எழுதியிருக்கும் விளக்குகளை நான் முதலிலேயே ஒதுக்கிவிட்டேன்.

ஆனாலும் பக்க விளக்கை 2 மைலுக்கே எடுத்தேன். காரணம் வேகம். 15 நாட் வேகத்தில் வரும் இரண்டு படகுகள் எதிரெதிரே வந்தால் நெருங்கும் வேகம் 30 நாட். ஒரு மைல் தூரம் இரண்டே நிமிடத்தில் கரைந்துவிடும். அந்தச் சூத்திரம் சுமார் 13 மைல் பார்வை இருக்கும் தெளிந்த காற்றுக்கானது. தூறலில் அந்த ஒரு மைலும் சுருங்கும். எல்இடியில் 1 மைலுக்கும் 2 மைலுக்கும் இடையே மின்சாரச் செலவில் பெரிய வித்தியாசம் இல்லை என்பதால் இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

பல்பை மட்டும் மாற்றினால் போதாதா?

இதுதான் முதலில் தோன்றும் யோசனை. பழைய கூட்டை அப்படியே வைத்துக்கொண்டு, அதே அளவுள்ள எல்இடி பல்பை உள்ளே போட்டால் வேலை ஐந்து நிமிடத்தில் முடியும். பழைய விளக்குகளைக் கழற்றும் முன் நானும் வெள்ளை எல்இடி பல்புகளைப் போட்டுப் பார்த்தேன். பச்சை நீலம் கலந்து தெரிந்தது. சிவப்பு, முன்பிருந்த இழை பல்பைவிட மங்கலாகிவிட்டது.

காரணம் எளிது. இழை பல்பின் ஒளியில் சிவப்பு நிறைய, நீலம் குறைவு. பழைய கண்ணாடி மூடிகள் அந்த ஒளியை மனதில் வைத்து நிறமேற்றப்பட்டவை. வெள்ளை எல்இடி என்பது உள்ளே ஒரு நீல எல்இடி, அதன் மேல் மஞ்சள் ஒளி தரும் பாஸ்பர் பூச்சு. அதில் நீலம் தூக்கலாக இருக்கும், ஆழ்ந்த சிவப்பு குறைவாக இருக்கும். பச்சை மூடி அந்த நீலத்தில் கொஞ்சத்தை வெளியே விடுகிறது. சிவப்பு மூடிக்கோ வெளியே விட உள்ளே போதுமான சிவப்பு இல்லை. சிவப்பு மூடிக்குச் சிவப்பு எல்இடி, பச்சை மூடிக்குப் பச்சை எல்இடி போட்டால் நிறம் ஓரளவு சரியாகும்.

அப்படிச் செய்தாலும் கோணம் சரியாகாது. பழைய கூட்டில் ஒளி எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது, செங்குத்தாக நிற்கும் மெல்லிய ஒற்றை இழையும் அதன் பக்கத்தில் உள்ள தடுப்பு விளிம்பும்தான். எல்இடி பல்பில் விரல் பருமன் உருளையைச் சுற்றிப் பல சிறிய எல்இடிகள் ஒட்டியிருக்கும். ஒவ்வொன்றும் அந்தத் தடுப்பு விளிம்பை ஒவ்வொரு கோணத்திலிருந்து பார்க்கிறது. எனவே ஒளி முடியும் எல்லை கூர்மையாக இல்லாமல் பரந்துவிடும். கூட்டுக்குக் கிடைத்த சான்றும் குறிப்பிட்ட பல்போடு சேர்ந்தே வாங்கியது. பல்பை மாற்றினால் அது செல்லாது. இவ்வளவும் சேர்ந்தபின் அந்த வழியை விட்டுவிட்டேன். எல்இடிக்கென்றே வடிவமைத்து, முழுவதும் அடைத்து, சான்று பெற்ற விளக்கைத்தான் வாங்க வேண்டும்.

பழைய இடம் ஏன் வேண்டாம்

புதிய விளக்குகளைப் பழைய ஓட்டைகளிலேயே பொருத்திவிடலாம் என்றுதான் பலரும் செய்கிறார்கள். நான் அதற்கு முன் கோணத்தை அளந்து பார்த்தேன். பின்பலகையின் நடுவிலிருந்து அணியத்தின் நுனி வரை ஒரு நூலை இழுத்துக் கட்டினேன். அது படகின் நடுக்கோடு. பக்க விளக்கின் முகத்தில் ஒரு நீண்ட நேரான கம்பை வைத்து, அதற்கும் நூலுக்கும் இடையே உள்ள கோணத்தை அளந்தேன். 24 டிகிரி வந்தது.

அணியத்தை நோக்கிப் போகப் போகப் படகின் உடல் உள்ளே வளைகிறது. அதில் ஒட்டிப் பதித்த விளக்கும் கூடவே வளைந்து முன்னோக்கித் திரும்பிவிடுகிறது. தன் முகம் நடுக்கோட்டுக்கு இணையாக இருக்கும் என்று நம்பி வடிவமைத்த விளக்கு அது. 24 டிகிரி திரும்பியதால் சிவப்பு, நடுக்கோட்டைத் தாண்டி வலப்பக்கத்தில் 24 டிகிரி வரை தெரிந்தது. பச்சையும் அதேபோல் இடப்பக்கம். பின்பக்கமோ, நேர் பக்கவாட்டுக்கு முன்பே ஒளி நின்றுபோனது.

கடலில் இதன் விளைவு என்ன? எனக்கு வலப்பக்கம் முன்னால், 20 டிகிரி சாய்வில் ஒரு படகு இருக்கிறது. அவருக்கு என் பச்சை மட்டும் தெரிய வேண்டும். ஆனால் இரண்டு நிறமும் தெரிகிறது. இரண்டும் தெரிந்தால் நான் நேராக அவரை நோக்கி வருகிறேன் என்று பொருள். அவர் வழி மாற்றுவார், மாற்றத் தேவையில்லாத நேரத்தில், நான் எதிர்பார்க்காத பக்கத்தில். பக்கவாட்டில் சற்றுப் பின்னால் இருப்பவருக்கு நிறமே தெரியாது. வெள்ளை மட்டும் தெரிவதால், நங்கூரமிட்டு நிற்கும் படகு என்றோ தனக்கு முன்னால் அதே திசையில் போகும் படகு என்றோ நினைப்பார். விளக்கு எத்தனை பிரகாசமாக எரிந்தாலும் இந்தத் தவறு தீராது. பிரகாசம் கூடினால் தவறான செய்தி இன்னும் தூரம் போகும், அவ்வளவுதான்.

ஆப்பு வடிவத்தில் பிளாஸ்டிக் துண்டு செதுக்கி, விளக்கை நேராகத் திருப்பி வைக்கலாம். அட்டையில் வெட்டி வைத்துப் பார்த்தேன். 24 டிகிரிக்கு ஆப்பின் தடித்த பக்கம் நிறையவே வெளியே துருத்தியது. படகுத்துறையில் கட்டும்போது முதல் இடி அதன் மேல்தான் விழும். வளைவு குறைவாக உள்ள படகில் ஆப்பு நல்ல தீர்வு. என் படகுக்கு இல்லை.

20 மீட்டருக்குக் குறைவான படகுகள் சிவப்பையும் பச்சையையும் ஒரே கூட்டில் சேர்த்து நடுக்கோட்டில் வைக்கலாம் என்று விதி அனுமதிக்கிறது. இதையே எடுத்துக்கொண்டேன். ஒரே விளக்கு, ஒரே வயர், நடுக்கோட்டில் சரியாக வைத்தால் இரு பக்கமும் தானாகச் சரியாகிவிடும். இதில் கவனிக்க வேண்டியது மறைப்பு. அணியத்தின் தளத்தில் தாழ்வாக வைத்தால் நங்கூரம், சுருட்டிய கயிறு, முன்னால் உட்காரும் ஆள் என்று எதாவது ஒன்று ஒரு பக்கத்தை மறைக்கும். அதனால் முன்பக்கக் கைப்பிடி வளையத்தின் நுனியில், எல்லாவற்றுக்கும் முன்னால், ஒரு சிறிய துருப்பிடிக்காத எஃகுத் தாங்கியில் வைத்தேன். தண்ணீர் மட்டத்திலிருந்து 1.1 மீட்டர் உயரம். கைப்பிடிக் கம்பியில் ஒளி பட்டுத் திரும்பி என் கண்ணில் அடிக்காமல் இருக்க, விளக்குக்குப் பின்னால் பளபளப்பில்லாத கறுப்புப் பூச்சுள்ள ஒரு தகடு.

விளக்கின் பெட்டியில் பார்த்தவை

சான்று முத்திரை முதலில். அமெரிக்கச் சந்தைக்கான விளக்கில் யூஎஸ்சிஜி (அமெரிக்கக் கடலோரக் காவல்படை) என்ற எழுத்துகளோடு எத்தனை கடல் மைல் என்பதும், அங்குள்ள படகுத் தர அமைப்பின் ஏபிஒய்சி ஏ-16 என்ற தரக்குறியும் இருக்கும். ஐரோப்பிய முறையில் கப்பல் சுக்கான் சக்கர வடிவ முத்திரை. "படகுக்கு ஏற்றது", "நீர்புகாதது" என்ற வார்த்தைகள் மட்டும் இருந்தால் அது சான்று ஆகாது. அலங்கார விளக்கிலும் அதே வார்த்தைகள் இருக்கும்.

அடுத்தது, தூசும் நீரும் புகாமல் எவ்வளவு தடுக்கும் என்பதைச் சொல்லும் ஐபி எண். ஐபி67 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். திறந்த படகுக்கு அதற்குக் குறைவாக நான் எடுக்க மாட்டேன். பிறகு மின்னழுத்த எல்லை. நான் வாங்கியவை 9 முதல் 32 வோல்ட் வரை ஏற்கும். மோட்டார் சார்ஜ் செய்யும்போது 14 வோல்ட்டைத் தாண்டும், ஸ்டார்ட் செய்யும்போது சரியும். உள்ளே மின்னோட்டத்தைச் சீராக்கும் டிரைவர் இருந்தால் இரண்டிலும் ஒளி ஒரே மாதிரி இருக்கும். வெறும் ரெசிஸ்டர் போட்ட மலிவு விளக்கு மின்னழுத்தத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும்.

செங்குத்துக் கோணத்தைப் பெரும்பாலானோர் பார்ப்பதே இல்லை. கிடைமட்டத்துக்கு மேலும் கீழும் 5 டிகிரி வரை முழு ஒளியும், 7.5 டிகிரி வரை அறுபது சதவீதமும் இருக்க வேண்டும் என்பது மோட்டார் படகுக்கான குறைந்தபட்சம். சாய்ந்து ஓடும் பாய்மரப் படகுக்கு 25 டிகிரி வரை பாதி ஒளியாவது வேண்டும். பாய்மரப் படகுக்கும் ஏற்றது என்று குறிப்பிட்ட விளக்கை எடுத்தால் சிறிய படகின் ஆட்டத்துக்கும் அது உதவும். நான் அப்படித்தான் எடுத்தேன்.

முன்பக்கம் தூக்கும் கோணம்

டிரெய்லரில் நிற்கும் படகில் மட்டம் பார்த்து விளக்கைப் பொருத்தினால் அது டிரெய்லருக்குத்தான் சரி. தண்ணீரில் ஓடும்போது அணியம் மேலே தூக்கும். கன்சோலின் மேல் ஒரு சாய்வுமானியை ஒட்டிவைத்து ஓட்டிப் பார்த்தேன். நின்றிருக்கும்போது 1 டிகிரி, வழக்கமான வேகத்தில் 4 டிகிரி, வேகம் பிடித்துத் தண்ணீரின் மேல் ஏறும் சில நொடிகளில் 8 டிகிரி வரை. விளக்கு நின்ற நிலையில் மட்டமாக இருந்தால், ஓடும்போது 3 டிகிரி மேல்நோக்கிவிடும். முழு ஒளிக்கான 5 டிகிரியில் அலையின் ஆட்டத்துக்கு மிச்சம் 2 டிகிரிதான்.

எனவே படகு 2.5 டிகிரி தூக்கியிருக்கும்போது விளக்கு சரியாக மட்டமாக இருக்குமாறு தாங்கியின் அடியில் ஒரு மெல்லிய எச்.டி.பி.ஈ. பிளாஸ்டிக் ஆப்பை வைத்தேன். இப்போது நின்றாலும் ஓடினாலும் விலகல் ஒன்றரை டிகிரிக்குள். முழு வேலையிலும் மிகக் குறைந்த நேரம் எடுத்த, மிக அதிகப் பயன் தந்த துண்டு இதுதான் என்று நினைக்கிறேன்.

வெள்ளைச் சுற்று விளக்கு

இதற்கு இரண்டு நிபந்தனைகள். 12 மீட்டருக்குக் குறைவான படகில் இது பக்க விளக்குகளைவிடக் குறைந்தது 1 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். அப்புறம், எந்த ஒரு பொருளும் இதை 6 டிகிரிக்கு மேல் மறைக்கக் கூடாது. நங்கூர விளக்காக எரியும்போது மட்டும் இந்த இரண்டாவது நிபந்தனைக்கு விலக்கு உண்டு.

முதல் நிபந்தனைப்படி 2.1 மீட்டர் உயரம் போதும். இரண்டாவதுதான் கம்பத்தின் நீளத்தைத் தீர்மானித்தது. கன்சோலில் நிற்பவரின் தலை தண்ணீர் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2 மீட்டரில் வருகிறது. விளக்கும் அந்த உயரத்துக்கு அருகே, ஒன்றரை மீட்டர் பின்னால் இருந்தால் அவர் தலை மட்டுமே 6 டிகிரியை மறைத்துவிடும். தோளும் சேர்ந்தால் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். அதாவது நேர் முன்னால் வருபவருக்கு என் வெள்ளை விளக்கே தெரியாது. பழைய கம்பம் இப்படித்தான் இருந்தது. இடுப்பு உயரக் கம்பத்தில் வெள்ளை விளக்கு வைத்து ஓடும் படகுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதற்றமாக இருக்கும். புதிய கம்பத்தை 2.4 மீட்டருக்குக் கொண்டுபோனேன்.

அடுத்த சிக்கல் கூச்சம். பின்னாலிருந்து விழும் வெள்ளை ஒளி கன்சோல் கண்ணாடியில் பட்டுத் திரும்பி ஓட்டுபவர் கண்ணுக்கு வரும். இருட்டுக்குப் பழகிய கண் ஒரு நொடியில் கெட்டுவிடும், மீண்டும் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். விளக்குக்குக் கீழே 8 செ.மீ. ஆரமுள்ள கறுப்பு வட்டத் தகடு போட்டேன். ஒளிரும் பகுதி தகட்டிலிருந்து 2.5 செ.மீ. மேலே இருப்பதால், கிடைமட்டத்துக்குக் கீழே 17 டிகிரி வரை ஒளி தடையில்லாமல் போகிறது. விதி கேட்பது 7.5 டிகிரி, எனவே குறையில்லை. கன்சோல் 38 டிகிரி கீழே இருக்கிறது. அங்கே நிழல் விழுந்துவிடுகிறது. தகட்டைப் பெரிதாக்க ஆசை வரும். கம்பத்தின் உயரத்தையும் தகட்டின் ஆரத்தையும் வைத்துக் கணக்குப் போட்டபிறகே பெரிதாக்க வேண்டும்.

வயர் வேலை

பழைய வயரை மல்டிமீட்டரில் பார்த்தபோது பேட்டரியில் 12.5 வோல்ட், விளக்கில் 10.9. இழை பல்பின் ஒளி மின்னழுத்தத்தின் சுமார் 3.4ஆம் அடுக்கில் மாறும். அதாவது அந்த 13 சதவீத இழப்பு, ஒளியில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான இழப்பு. செம்பு உள்ளே கறுத்துப்போயிருந்தது. முழுவதும் எடுத்துவிட்டு, வெள்ளீயம் பூசிய 1.5 சதுர மி.மீ. செம்பு வயர் இழுத்தேன். ஒவ்வொரு இணைப்பும் கிரிம்ப் செய்து, உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் போட்டது. வயர் விளக்குக்குள் நுழையும் முன் கீழே ஒரு வளைவு விட்டிருக்கிறேன், வழிந்து வரும் நீர் அங்கேயே சொட்டிவிடும். எல்இடிக்கு பிளஸ், மைனஸ் மாறக் கூடாது. மாறினால் எரியாது, பாதுகாப்புச் சுற்று இல்லாததாக இருந்தால் கெட்டும் போகலாம்.

சுவிட்ச் இரட்டைத் துருவ வகை, நடுவில் அணைவு. மேலே தள்ளினால் சிவப்பு-பச்சை, வெள்ளை எல்லாம். கீழே தள்ளினால் வெள்ளை மட்டும், அது நங்கூர விளக்கு. வெள்ளைக்கான துருவத்தில் மேல், கீழ் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துவிட்டால் போதும். ஃபியூஸ் 3 ஆம்பியர்; அது வயரைக் காப்பதற்கு.

மின்சாரக் கணக்கு எதிர்பார்த்தபடியே வந்தது. முன்பு 30 வாட், 2.5 ஆம்பியர், பத்து மணி நேரத்துக்கு 25 ஆம்பியர்-அவர். இப்போது எல்லாம் சேர்ந்து 0.38 ஆம்பியர், அதே பத்து மணி நேரத்துக்கு 3.8. மோட்டாரை ஸ்டார்ட் செய்யவும் இதே பேட்டரிதான் என்பதால், இரவு முழுவதும் நங்கூர விளக்கு எரிந்தாலும் காலையில் மோட்டார் கிளம்பும் என்ற நிம்மதி பெரிது.

ரேடியோவும் திசைகாட்டியும்

எல்இடி டிரைவர் மின்சாரத்தை வினாடிக்குப் பல ஆயிரம் முறை விட்டுவிட்டு அனுப்பும். தடுப்பு சரியாக இல்லாவிட்டால் விளக்கின் வயரே ஆன்டெனாபோல் இரைச்சலைப் பரப்பும். அது கடல் விஎச்எஃப் ரேடியோவின் 156 முதல் 162 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் விழுந்தால் தூரத்து அழைப்புகள் கேட்காது. சுற்றியுள்ள கப்பல்களின் இடத்தைக் காட்டும் ஏஐஎஸ் கருவியும் 161.975, 162.025 மெகாஹெர்ட்ஸில்தான் வேலை செய்கிறது. அதில் மற்ற கப்பல்கள் தெரியாமல் போகலாம். அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2018இல் இதைப் பற்றித் தனியாக எச்சரிக்கையே வெளியிட்டது. சோதனை முறையும் அதில் இருக்கிறது, யாரும் செய்யலாம்.

எல்லா எல்இடியையும் அணைத்துவிட்டு ரேடியோவை யாரும் பேசாத சேனலில் வைக்க வேண்டும். இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச் குமிழைக் குறைத்து இரைச்சல் வரவைத்து, பிறகு இரைச்சல் அடங்கும் இடத்துக்குச் சற்று மேலே மட்டும் உயர்த்தி நிறுத்த வேண்டும். இப்போது விளக்கைப் போட்டால் மறுபடியும் இரைச்சல் வருகிறதா? வந்தால் விளக்குதான் காரணம். என் இரண்டு விளக்குகளிலும் வரவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நண்பரிடமிருந்து சான்றில்லாத விளக்கு ஒன்றை வாங்கி, அதையும் அதே வயரில் இணைத்தேன். போட்டவுடன் ரேடியோ இரைந்தது. ஆன்டெனாவுக்கு மிக அருகே கம்ப விளக்கு இருக்கும் படகுகளில் இந்தச் சோதனையை விடவே கூடாது.

திசைகாட்டிக்கு அருகே போகும் இரண்டு வயர்களையும் ஒன்றோடொன்று முறுக்கி ஓட்டினேன். போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் உண்டாக்கும் காந்தப்புலங்கள் அப்படி ஒன்றையொன்று அழித்துவிடும். விளக்கைப் போட்டு அணைத்துப் பார்த்தேன், முள் அசையவில்லை. காந்தத்தால் ஒட்டும் தற்காலிக விளக்குகளைக் கன்சோலின் அருகில் கொண்டுவரவே வேண்டாம்.

தரையில் இரவுச் சோதனை

திறந்த வெளியில் டிரெய்லரை நிறுத்தி, முன்சக்கரத்தைத் தூக்கிப் படகை 2.5 டிகிரி சாய்வுக்குக் கொண்டுவந்தேன். நடுக்கோட்டு நூலை விளக்கிலிருந்து 10 மீட்டர் முன்னால் வரை நீட்டினேன். பக்க விளக்கின் ஒளி, எல்லையைத் தாண்டி 1 முதல் 3 டிகிரிக்குள் அணைந்துவிட வேண்டும் என்பது விதி. 10 மீட்டர் தூரத்தில் 1 டிகிரி 17 செ.மீ., 3 டிகிரி 52 செ.மீ. இரு பக்கமும் அந்தத் தூரங்களில் குச்சி நட்டேன்.

பச்சைப் பக்கத்திலிருந்து மெதுவாகக் குறுக்கே நடந்தேன். நூலுக்கு 40 செ.மீ. இருக்கும்போதே சிவப்பும் தெரியத் தொடங்கியது. நூலைத் தாண்டி 35 செ.மீ. போனதும் பச்சை மறைந்தது. இரண்டும் குச்சிகளுக்குள்ளேயே. நண்பரின் அந்த விளக்கை அதே தாங்கியில் வைத்து நடந்தபோது நூலின் ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 1.75 மீட்டர் வரை இரண்டு நிறமும் தெரிந்தன, அதாவது 10 டிகிரி. வெளிச்சம் என்று பார்த்தால் அது என் விளக்கைவிடக் கண்ணைப் பறித்தது. ஒரு மைலுக்கு அப்பால் அந்த 10 டிகிரி என்பது 300 மீட்டருக்கும் மேல். அந்த அகலம் முழுவதிலும் உள்ளவர்கள் நான் தங்களை நோக்கியே வருகிறேன் என்று நினைப்பார்கள்.

பின் எல்லைக்கு, விளக்கிலிருந்து நேர் பக்கவாட்டில் 10 மீட்டர் போய், அங்கிருந்து பின்பக்கமாக நடந்தேன். 4.14 மீட்டர் என்பது 22.5 டிகிரி. அதைத் தாண்டி அதிகபட்சம் 5 டிகிரி, அதாவது 5.2 மீட்டருக்குள் அணைய வேண்டும். 4.6இல் மறைந்தது. மறுபக்கமும் கிட்டத்தட்ட அதேதான். தனித்தனி பக்க விளக்குகள் உள்ள படகில் இந்தச் சோதனையை 10 மீட்டரில் செய்தால் நேர் முன்னால் இரண்டுமே தெரியாத ஒரு இருண்ட இடம் வரும். விளக்குகளுக்கு இடையே உள்ள இடைவெளியால் வருவது அது. 30, 40 மீட்டர் தள்ளிப் போய்ப் பார்க்க வேண்டும். கண்ணால்தான் பார்க்க வேண்டும், போன் கேமரா மங்கலான ஒளியைக் கூட்டிக் காட்டிவிடும்.

நண்பரின் படகில் விளிம்பு நெடுகப் பச்சை எல்இடி பட்டை ஒட்டியிருந்தது. பார்க்க அழகுதான். ஆனால் நேவிகேஷன் விளக்கென்று தவறாக நினைக்கக்கூடிய வேறு எந்த விளக்கும் ஓடும்போது எரியக் கூடாது. இந்த இரவுச் சோதனையில் கூட நின்று பார்த்தபிறகு அவரே அந்தப் பட்டைக்குத் தனிச் சுவிட்ச் போட்டுக்கொண்டார், கரையில் மட்டும் எரிய.

இனி பராமரிப்பு. அடைத்த எல்இடி விளக்கைத் திறந்து பழுதுபார்க்க முடியாது. திடீரென்று அணைவதைவிட, ஆண்டுகள் போகப் போக மெல்ல மங்குவதே அதன் இயல்பு. மின்சாரம் அதே அளவு எடுத்துக்கொண்டே ஒளி குறையும் என்பதால் ஆம்பியர் பார்த்தும் தெரியாது. பொருத்திய தேதியைக் கூட்டின் அடியில் எழுதிவைத்திருக்கிறேன். உப்புப் படலத்தை நல்ல தண்ணீர் நனைத்த துணியால் துடைக்கிறேன். கரைப்பான்கள் பட்டால் பிளாஸ்டிக் மூடியில் விரிசல் விழும். கம்பம் கழற்றி மாட்டும் பிளக்கில் கொஞ்சம் சிலிகான் கிரீஸ். கன்சோல் பெட்டிக்குள் பேட்டரியில் எரியும் இரட்டை நிற விளக்கும், வெள்ளை விளக்கும், ஒரு டார்ச்சும் தனியே இருக்கின்றன. சூரியன் இறங்கும் முன் சுவிட்சைப் போட்டு, அணியத்துக்கு நடந்துபோய் இரண்டு நிறத்தையும் பார்த்துவிட்டுத்தான் கயிற்றை அவிழ்க்கிறேன்.